வினாத்தாளும் வினாப் பட்டியலும்

என் அண்ணன் பேத்தி அரசு கலைக் கல்லூரி ஒன்றில் பி.ஏ. பொருளியல் படிக்கிறாள், இரண்டாம் ஆண்டு. போன மாதம் ஒரு சனிக்கிழமை காலையில் ஊருக்குப் போயிருந்தேன். திண்ணையில் உட்கார்ந்து, மடியில் செல்போனை வைத்துக்கொண்டு, அதைப் பார்த்துப் பார்த்து நோட்டில் எழுதிக்கொண்டிருந்தாள்.

"என்ன பாப்பா எழுதுற?"

"அசைன்மென்ட் சின்ன தாத்தா. ஊரகக் கடன்சுமை, காரணங்களும் தீர்வுகளும். திங்கக்கிழம கொடுக்கணும். அஞ்சு மார்க்."

வகுப்பு வாட்ஸ்அப் குழுவில் வந்த பி.டி.எஃப். அது. பத்துக் காரணம், எட்டுத் தீர்வு. அவள் எழுதிக்கொண்டிருந்த நேரத்தில் எதிர்வீட்டு வாசலில் பைக்கை நிறுத்திவிட்டு ஒருவர் மகளிர் குழுக் கடனுக்குத் தவணை வசூலித்துக்கொண்டிருந்தார். எட்டுப் பெண்கள் தரையில் உட்கார்ந்திருந்தார்கள். ஒருத்திக்கு அந்த வாரப் பணம் குறைந்தது. மற்றவர்கள் முந்தானை முடிச்சை அவிழ்த்து ஐம்பதும் நூறுமாகப் போட்டு ஈடுகட்டினார்கள். பேத்தி நிமிர்ந்து பார்க்கவில்லை. ஏழாவது காரணத்தில் இருந்தாள்.

அவளைக் குறை சொல்ல எனக்கு வாய் வராது. 1982இல் இதே தலைப்பை நானும் இப்படித்தான் எழுதினேன். அப்போது பி.டி.எஃப். இல்லை, ஆசிரியர் சொல்லச் சொல்ல எழுதினோம். அந்த வருடம் எனக்குப் பரீட்சைப் பணம் கட்ட என் அப்பா யாரிடம், என்ன வட்டிக்குக் கடன் வாங்கினார் என்பது அந்தப் பத்துக் காரணங்களில் எதிலும் வரவில்லை. கேட்க வேண்டும் என்று எனக்கும் தோன்றவில்லை.

அப்போது எங்கள் தென்னார்க்காடு ஒரே மாவட்டம். 1993இல் விழுப்புரம், கடலூர் என்று பிரிந்தது. 2019இல் விழுப்புரத்திலிருந்து கள்ளக்குறிச்சியும் பிரிந்தது. பி.யு.சி. போய் பிளஸ் டூ வந்த புதிது. எங்கள் குடும்பத்தில் பத்தாவது தாண்டிய முதல் ஆள் நான். தாத்தா ஒரு பண்ணையில் படியாளாக இருந்தவர். அப்பா கூலிக்குப் போனார்; கடைசிக் காலத்தில் கொஞ்சம் குத்தகைப் பயிர் வைத்தார். கல்லூரியில் நான் கேட்டது பி.காம். மார்க் எட்டவில்லை. "எகனாமிக்ஸ்ல இடம் இருக்கு, சேர்ந்துக்கிறியா?" என்று அலுவலகத்தில் இருந்தவர் கேட்டார். எகனாமிக்ஸ் என்றால் என்ன என்று தெரியாமலே தலையாட்டினேன். அப்பா வெளியே வேப்பமரத்தடியில் நின்றுகொண்டிருந்தார். பி.ஏ. என்றதும் அவருக்குச் சந்தோஷம். எந்த பி.ஏ. என்பது அவருக்கு ஒரு பொருட்டாகத் தெரியவில்லை.

இன்று அலுவலக வரிசையும் வேப்பமரத்தடியும் இல்லை. 2020 கொரோனா முடக்கத்தில் அரசு கலைக் கல்லூரிகளின் சேர்க்கை இணையத்துக்குப் போனது. பேத்திக்கு பிரவுசிங் சென்டரில் உட்கார்ந்து விண்ணப்பம் போட்டது நான்தான். அவள் முதலில் குறித்தது கணினி அறிவியல், அடுத்தது பி.காம்.; மூன்றாவது பொருளியல். மூன்றாவதுதான் கிடைத்தது. நாற்பது வருடத்தில் எத்தனையோ மாறியும் இது மாறவில்லை. வரலாறும் பொருளியலும் அரசியல் அறிவியலும் மற்றவை நிரம்பிய பிறகு மிஞ்சுகிறவர்களுக்கு என்றே ஆகிவிட்டன. இடையில் பொறியியல் கல்லூரிகள் ஊருக்கு ஊர் முளைத்த காலத்தில், பி.ஏ. படிக்கிறேன் என்று சொல்லப் பிள்ளைகள் கூச்சப்பட்டார்கள். ஆனால் நாட்டில் அதிகம் பேர் படிப்பது அதைத்தான். 2021-22ஆம் ஆண்டின் அகில இந்திய உயர்கல்விக் கணக்கெடுப்பில், இளநிலைப் பட்டப்படிப்பில் இருப்பவர்களில் 34.2 விழுக்காட்டினர் கலைப் பிரிவில் இருந்தார்கள். மூன்றில் ஒருவருக்கும் மேல். இவ்வளவு பேர் படிக்கும் படிப்பை மிச்சம் மீதி என்று நினைப்பது எனக்கு ஆறாத வருத்தம்.

நாங்கள் படித்தது தமிழ்வழி. அதில் எனக்குப் பெருமை உண்டு; கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். 1960இல், சி. சுப்பிரமணியம் கல்வியமைச்சராக இருந்தபோது, கோவை அரசு கலைக் கல்லூரியில் பட்டப்படிப்பைத் தமிழில் நடத்திப் பார்த்தார்கள். முதலில் கலைப் பாடங்கள்தான். பாடம் நடத்தப் புத்தகம் வேண்டுமே! தமிழ் வெளியீட்டுக் கழகம் என்று ஓர் அரசு அமைப்பு வந்தது. பின்னால் அந்தப் பணி தமிழ்நாட்டுப் பாடநூல் நிறுவனத்துக்குப் போனது. ஆங்கிலத்திலேயே படித்து, ஆங்கிலத்திலேயே பாடம் நடத்திவந்த பேராசிரியர்கள் உட்கார்ந்து, நூற்றுக்கணக்கான நூல்களைத் தமிழில் எழுதினார்கள், மொழிபெயர்த்தார்கள். இறுதிநிலைப் பயன்பாடு, தேவை நெகிழ்ச்சி, சமநோக்கு வளைகோடு, பணவீக்கம் என்று ஒவ்வொரு சொல்லாகச் செதுக்கினார்கள். பணவீக்கம் இன்று டீக்கடைச் செய்தித்தாளில் இருக்கிறது. அதை ஒருவர் முதன்முதலில் எழுதிப் பார்த்து, சரியாக வருகிறதா என்று வாய்விட்டுச் சொல்லிப் பார்த்திருப்பார். அந்த மனிதர்களை நான் நினைக்காத நாள் குறைவு. நெகிழ்ச்சி என்ற சொல்லை வகுப்பில் கேட்ட அன்றே எனக்குப் பாடம் புரிந்தது. உப்பு விலை ஏறினாலும் அம்மா அதே அளவுதான் வாங்குவாள். வெற்றிலை விலை ஏறினால் பாட்டி ஒரு வேளை குறைத்துக்கொள்வாள். தேவை எங்கே வளைகிறது, எங்கே வளையாது என்பது அந்தச் சொல்லிலேயே இருந்தது.

நாங்கள் சேர்ந்தபோது அந்த நூல்களில் பல அச்சில் இல்லை. நூலகத்தில் ஒரே ஒரு பிரதி இருக்கும். அட்டை கிழிந்து, நூலால் தைத்து, ஓரத்தில் முந்தைய மாணவர்களின் பேனா அடிக்கோட்டோடு இருக்கும். வெளியே எடுத்துப்போக முடியாது. மத்தியானம் மூன்று மணிக்குக் கடைசிப் பேருந்தை விட்டுவிட்டு நான்கு பேர் சுற்றி உட்கார்ந்து, ஒருவன் படிக்க மற்றவர்கள் எழுதுவோம். இன்று அவற்றில் ஏராளமானவற்றை மறுபடி அச்சிட்டிருக்கிறார்கள், மின்னூலாகவும் கிடைக்கின்றன. பேத்திக்கு எடுத்துக் காட்டினேன். "இது சிலபஸ்ல இல்ல சின்ன தாத்தா" என்றாள். அதுவும் சரிதான். அந்த நூல்களில் ஐந்தாண்டுத் திட்டம் உயிரோடு இருக்கிறது. நாங்கள் ஆறாவது திட்டத்தின் இலக்குகளை மனப்பாடம் செய்தோம். அவள் தொடக்கப் பள்ளியில் இருந்தபோதே, 2015 பிறந்தபோது, திட்டக் குழு போய் நிதி ஆயோக் வந்துவிட்டது. அவளுக்கு ஜி.எஸ்.டி. வேண்டும், நூறு நாள் வேலைச் சட்டம் வேண்டும், யு.பி.ஐ. வேண்டும். இவற்றுக்குத் தமிழில் அந்தப் பழைய பேராசிரியர்களின் கவனத்தோடு எழுதிய கல்லூரி நூல் அவள் கைக்கு வந்து சேரவில்லை. ஆங்கிலக் கட்டுரையைச் செல்போனில் மொழிபெயர்த்துப் படிக்கிறார்கள். அன்று அவள் பார்த்து எழுதிய பி.டி.எஃப்.பில் ஓரிடத்தில் 'அதிக ஆர்வ விகிதம்' என்றிருந்தது. வட்டி விகிதத்தை இயந்திரம் அப்படிப் பெயர்த்திருக்கிறது. இன்டரஸ்ட் என்ற ஆங்கிலச் சொல்லுக்கு ஆர்வம் என்றும் பொருள் உண்டு. வட்டி என்றும் உண்டு. பிள்ளை அதை அப்படியே நோட்டில் எழுதியிருந்தாள். ஒற்றை வட்டி, ரெட்டை வட்டி, கந்து வட்டி, மீட்டர் வட்டி என்று வட்டிக்குள்ளேயே இத்தனை வகை பிரித்துப் பேசும் ஊரில் பிறந்த பிள்ளை. எனக்கு நெஞ்சு கனத்தது.

இனி, நான் படித்த மூன்று வருடத்தில் ஒருவரும் எனக்குச் சொல்லாத ஒன்றைச் சொல்கிறேன்.

1915இன் கடைசியில் கில்பர்ட் ஸ்லேட்டர் என்றொரு ஆங்கிலேயர் சென்னைக்கு வந்தார். ஆக்ஸ்ஃபோர்டில் தொழிலாளர்களுக்கான ரஸ்கின் கல்லூரிக்கு முதல்வராக இருந்தவர். சென்னைப் பல்கலைக்கழகத்தின் இந்தியப் பொருளியல் பேராசிரியர் பதவிக்கு முதலில் வந்தவர் அவர். இந்தியப் பொருளியலைச் சொல்லித்தரக் கையில் போதிய நூல் இல்லை. மாணவர்கள் விடுமுறைக்கு ஊருக்குப் போகும்போது கையில் ஒரு வினாப் பட்டியலைக் கொடுத்தனுப்பினார். உன் ஊருக்கே போ, கேட்டு எழுதி வா. நிலம் யாரிடம், கூலி எவ்வளவு, கடன் யாருக்கு, ஊரைவிட்டுப் போனவர்கள் யார். அப்படி எழுதி வந்தவற்றைத் தொகுத்து 1918இல் ஒரு நூல் வந்தது. அதில் வரும் ஊர்களில் கங்கைகொண்டான் உண்டு, தூசி உண்டு. தென்னார்க்காட்டு இருவேல்பட்டும் உண்டு.

இருவேல்பட்டு எங்கள் கல்லூரியிலிருந்து ஒரே பேருந்து தூரம். திருவெண்ணெய்நல்லூர் பக்கம், சென்னை - திருச்சி நெடுஞ்சாலை ஓரத்து ஊர். அந்த ஊர் வழியாக எத்தனை முறை போயிருப்பேன்! இந்தியாவிலேயே கிராமப் பொருளாதாரத்தை நேரில் போய் ஆராயத் தொடங்கிய முதல் சில ஊர்களில் அது ஒன்று என்று எனக்குத் தெரியாது. எங்கள் வகுப்பில் அந்தப் பெயரே அடிபடவில்லை. 1936-37இல் பி.ஜே. தாமஸும் கே.சி. ராமகிருஷ்ணனும் மறுபடி அதே ஊர்களை ஆராய வைத்தார்கள். 1983இல் எஸ். குகனும் ஜோன் மென்ச்சரும் இருவேல்பட்டைப் பற்றி மீண்டும் எழுதினார்கள். 1983! அந்தக் கட்டுரை அச்சான மாதங்களில் நான் பக்கத்து ஊர்க் கல்லூரியில் பொருளியல் படித்துக்கொண்டிருந்தேன். காரணங்கள் பத்து, தீர்வுகள் எட்டு என்று நோட்டில் எழுதிக்கொண்டிருந்தேன்.

கூட்டுறவுத் துறையில் வேலைக்குச் சேர்ந்து பல வருடம் கழித்து, ஒரு பயிற்சிக்காகச் சென்னை வந்தபோதுதான் இதெல்லாம் தெரிந்தது. மால்கம் ஆதிசேஷையா 1971இல் தொடங்கிய சென்னை வளர்ச்சி ஆராய்ச்சி நிறுவனம் அடையாறில் இருக்கிறது. அதன் நூலகத்தில் ஒரு மத்தியானம் உட்கார்ந்து இருவேல்பட்டுப் பகுதியைப் படித்தேன். அதில் படியாட்கள் வருகிறார்கள். கல்யாணச் செலவுக்கு என்று பண்ணையாரிடம் வாங்கிய கடன் தீராமல், அப்பனுக்குப் பின் மகன் என்று அதே வீட்டில் உழைத்தவர்கள். என் தாத்தா வேறு ஊர்தான். ஆனாலும் அந்தப் பக்கத்தில் அவர் இருந்தார். படி அளந்து வாங்கிய கூலியோடு, கட்டாத கடனோடு இருந்தார். கேள்வி கேட்டவர் மாணவர். மாணவர் என்றால் அன்று பெரும்பாலும் நிலமுள்ள வீட்டுப் பிள்ளை. பதில் சொன்னவர், அல்லது யாரோ அவருக்காகப் பதில் சொல்ல ஓரமாக நின்றவர், என் தாத்தாவைப் போன்றவர்.

அன்றைக்கும் இன்றைக்கும் நடுவில் பெரிய மாற்றம் எது என்று என்னைக் கேட்டால், யார் படிக்கிறார்கள் என்பதைத்தான் சொல்வேன். எங்கள் வகுப்பில் ஐம்பது பேரில் பெண்கள் மூன்று பேர். இரண்டாம் வருடம் ஒருத்திக்குக் கல்யாணமாகி இரண்டு பேர் ஆனார்கள். பேத்தியின் வகுப்பில் பாதிக்கு மேல் பெண்கள். அரசுப் பள்ளியில் படித்ததால் 2022இல் வந்த புதுமைப்பெண் திட்டத்தில் மாதம் ஆயிரம் ரூபாய் அவள் கணக்கிலேயே விழுகிறது. 2024இலிருந்து பையன்களுக்கும் தமிழ்ப் புதல்வன் என்று அதே தொகை உண்டு. டவுன் பஸ்ஸில் அவளுக்கு டிக்கெட் இல்லை. அவள் வகுப்புப் பிள்ளைகளைப் பற்றி விசாரித்தேன். செங்கல் சூளை வேலைக்காரர் மகள், பெங்களூரில் கட்டட வேலை செய்பவர் மகன், கரும்பு வெட்டப் போகும் குடும்பத்துப் பிள்ளைகள். தமிழ்நாட்டில் உயர்கல்வி வயதில் இருப்பவர்களுக்கும் கல்லூரியில் இருப்பவர்களுக்குமான விகிதம், அதே 2021-22 கணக்கெடுப்பின்படி, 47 விழுக்காடு. நாட்டுக்கு மொத்தமாக 28.4. அந்த வித்தியாசத்துக்குள் இந்தப் பிள்ளைகள் இருக்கிறார்கள். ஸ்லேட்டரின் மாணவர்கள் யாரைப் பற்றி எழுதினார்களோ அவர்களின் கொள்ளுப் பேரப் பிள்ளைகள் இப்போது அதே பாடத்தைப் படிக்கிறார்கள்.

அவர்களிடம் வினாப் பட்டியலைத்தான் யாரும் கொடுக்கவில்லை.

எங்களுக்கு வருடத்துக்கு ஒரு பரீட்சை. தாளுக்கு மூன்று மணி நேரம், நூறு மார்க். முடிவு செய்தித்தாளில் வரும், வெறும் எண்தான். விடியற்காலையில் பேருந்து நிலையத்தில் நின்று எண்ணைத் தேடுவோம். இப்போது ஆறு செமஸ்டர். பரீட்சைக்கு 75, இன்டர்னலுக்கு 25. இன்டர்னல், அசைன்மென்ட், செமினார் என்று பிள்ளைகளுக்கு மூச்சுவிட நேரமில்லை. அந்த 25இல் ஒரு பத்தை எடுத்து, உன் தெருவில் பத்து வீட்டுக் கடனைக் கேட்டு எழுதி வா என்று ஓர் ஆசிரியர் சொல்ல முடியும். விதியில் தடையில்லை. ஆனால் சொல்ல வேண்டிய ஆசிரியரின் நிலையைப் பார்க்க வேண்டும். எங்களுக்கு இருந்தவர்கள் நிரந்தரப் பணியாளர்கள். பழுப்பேறிய நோட்ஸைப் பார்த்து நடத்தினாலும் மறுவருடமும் அங்கே இருப்பார்கள். இன்று அரசு கலைக் கல்லூரிகள் நூற்று அறுபதுக்கும் மேல். அவற்றில் வகுப்புகளைத் தாங்குகிறவர்களில் ஆயிரக்கணக்கானோர் கௌரவ விரிவுரையாளர்கள். முனைவர் பட்டம் வாங்கி, நெட் தேர்ச்சி பெற்று, தொகுப்பூதியத்தில் வேலை செய்கிறார்கள். வருடத்தில் பதினோரு மாதம்தான் சம்பளம். பேத்திக்குக் கிராமப் பொருளியல் நடத்துபவரும் அப்படி ஒருவர். நல்ல ஆசிரியர் என்கிறாள். மே மாதம் வீட்டு வாடகைக்குக் கடன் வாங்குகிறவரிடம் போய், பிள்ளைகளை ஊர் ஊராக அழைத்துப் போ என்று நான் எந்த வாயால் சொல்வேன்?

பிள்ளைகளுக்கும் வேறு அவசரம் இருக்கிறது. வகுப்பில் முக்கால்வாசிப் பேர் டி.என்.பி.எஸ்.சி. குரூப் 4க்குப் படிக்கிறார்கள். நானும் அந்த வழியாகத்தான் சோறு தின்றேன். அதைத் தாழ்வாகப் பேச மாட்டேன். தமிழ்வழியில் படித்தவர்களுக்கு அரசு வேலையில் 20 விழுக்காடு முன்னுரிமை என்று 2010இல் சட்டம் வந்தது. 2020 திருத்தத்துக்குப் பிறகு பள்ளிப் படிப்பும் தமிழ்வழியாக இருந்தாக வேண்டும். எங்கள் காலத்தில் தமிழ்வழி என்றால் வேறு வழியில்லாமல் வந்தவர்கள் என்று பார்த்தார்கள். இப்போது அந்தச் சான்றிதழுக்கு மதிப்பு இருக்கிறது. நல்லதுதான். ஆனால் டிகிரிப் பாடத்தைத் தள்ளி வைத்துவிட்டு ஆறாம் வகுப்புச் சமூக அறிவியல் புத்தகத்திலிருந்து மறுபடி மனப்பாடம் செய்கிறார்கள். மூன்றாம் வருட புராஜெக்ட் வந்தால், போன வருடத்து அக்கா செய்ததில் ஊர்ப் பெயரை மாற்றி ஜெராக்ஸ் கடையில் பைண்டிங் போட்டுக் கொடுத்துவிடுகிறார்கள். ஊர்ப் பெயரை மாற்றினால் போதும் என்று ஆனதுதான் என் வயிற்றெரிச்சல். ஸ்லேட்டரின் பிள்ளைகள் எழுதிய ஊர்கள் ஒவ்வொன்றும் ஒவ்வொரு விதமாக இருந்தன.

இருவேல்பட்டுக்கு ஆய்வாளர்கள் போவது நின்றுவிடவில்லை. 2008இல் ஜான் ஹாரிஸ், ஜெயரஞ்சன், நாகராஜ் மூவரும் போய்ப் பார்த்து எழுதினார்கள். படியாள் முறை போய்விட்டது, பழைய பண்ணை வீட்டின் பிடி தளர்ந்துவிட்டது, உழைப்பவர்கள் ஊருக்கு வெளியே வேலைக்குப் போகிறார்கள் என்று அதில் இருக்கிறது. 2024 டிசம்பரில் ஃபெஞ்சல் புயல் மழையில் அந்தப் பக்கமெல்லாம் வெள்ளம் புகுந்தபோது, இருவேல்பட்டு மக்கள் நெடுஞ்சாலையில் இறங்கி மறித்தார்கள். தொலைக்காட்சியில் பார்த்தேன். நூறு வருடத்துக்கு முன் கடனுக்குப் பிள்ளையை எழுதிக்கொடுத்த ஊர், நடுச்சாலையில் நின்று குரல் உயர்த்திக் கணக்குக் கேட்கிறது. இதை எழுத இப்போது வெளியூர் ஆய்வாளர் வரத் தேவையில்லை. அந்தச் சாலையிலேயே காலையில் பஸ் ஏறிக் கல்லூரிக்குப் போகும் பிள்ளைகள் இருக்கிறார்கள்.

அன்று திண்ணையில் பேத்தியிடம் இவ்வளவையும் சொன்னேன். தாத்தாவின் தாத்தா காலத்துக் கதை என்று எழுந்து போய்விடுவாளோ என்று பயமாக இருந்தது. அவள் செல்போனைக் கவிழ்த்து வைத்துவிட்டுக் கேட்டாள். படியாள் என்றால் என்ன என்று கேட்டாள். நம் வீட்டிலா என்று கேட்டாள். பிறகு கொஞ்ச நேரம் பேசவில்லை.

எனக்கு நினைவில் இருந்தவரை ஒரு தாளில் கேள்விகளை எழுதிக் கொடுத்தேன். பன்னிரண்டு கேள்வி. மார்க் கிடைக்குமா தெரியாது, பி.டி.எஃப்.பையும் எழுதி வைத்துக்கொள் என்றேன். எதிர்வீட்டுக் குழு கலைந்துவிட்டிருந்தது. அவள் தாளை எடுத்துக்கொண்டு உள்ளே அடுப்படிக்குப் போனாள். என் அண்ணி முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தார்கள்.

"ஆயா, நம்ம வீட்டுக்கு என்னென்ன கடன் இருந்துது? யார்கிட்ட வாங்கினீங்க?"

"எதுக்குடி?"

"படிப்புக்கு. சொல்லேன்."

அண்ணி கீரையை முறத்தில் வைத்துவிட்டு யோசித்தார்கள். "எதுலேருந்து சொல்ல? எங்க கல்யாணத்துக்கு உங்க கொள்ளுத்தாத்தா வாங்குனாரே, அதுலேருந்தா?"

பேத்தி நான் கொடுத்த தாளைத் திருப்பிப் பார்த்தாள், இடம் போதாது. நோட்டில் புதுப் பக்கம் எடுத்து, ஸ்கேல் இல்லாமல் கையாலேயே நீளமாக நான்கு கோடு போட்டு, மேலே எழுதினாள்: யாரிடம், எதற்கு, எவ்வளவு, வட்டி.